பன்னுக்குள் உடையாத கட்லெட்

கேள்வி: எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்துவிட்டால் மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. கல்லூரிக்குப் போகும் மகனும் ஒன்பதாவது படிக்கும் மகளும் இரண்டாவது வாரத்திலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிக்கன் பர்கர் என்றால் உயிர். சரி, வீட்டிலேயே காய்கறி பர்கர் செய்து கொடுப்போம் என்று இறங்கினேன். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாவற்றையும் நறுக்கிக் குக்கரில் ஒன்றாக வேகவைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, கார்ன்ஃப்ளார் சேர்த்துத் தட்டினேன். தோசைக்கல்லில் திருப்பும்போதே பாதி உடைந்துவிட்டது. உடையாமல் வந்ததும் உள்ளே கூழாக இருந்தது. கடித்தால் பன்னின் ஓரத்தில் பிதுங்குகிறது. முட்டை சேர்த்தால் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது முடியாது. மாமியார் விரதம் இருக்கும் சனிக்கிழமைகளில் வெங்காயமும் பூண்டும் கூடாது. நான் எங்கே தவறுகிறேன்? பிள்ளைகளுக்கு வயிறும் நிறைய வேண்டும், சத்தும் இருக்க வேண்டும். முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

— வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட முறையிலேயே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, தண்ணீர். மற்றொன்று, கல்லில் போடுவதற்கு முன்பே எல்லாம் வெந்து முடிந்துவிடுவது. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் முட்டையும் தேவைப்படாது, கட்லெட்டும் உடையாது.

முதலில் கறி ஏன் உடைவதில்லை என்று பார்ப்போம். கொத்திய இறைச்சியில் உப்புச் சேர்த்துப் பிசையும்போது தசையில் இருக்கும் புரதம் கரைந்து பசையாகிறது. சூடு பட்டதும் அந்தப் பசை இறுகித் துண்டுகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. அதாவது கட்டும் வேலை கல்லின் மேல்தான் நடக்கிறது. முட்டை செய்வதும் இதே வேலைதான்: பச்சையாகப் போய், சூட்டில் இறுகுகிறது.

உங்கள் கலவையில் என்ன நடந்தது? உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கேரட்டில் அதைவிடவும் அதிகம். நறுக்கிக் குக்கரில் போட்டபோது வெட்டிய பக்கங்கள் வழியாக மேலும் தண்ணீர் ஏறியது. மிக்ஸியில் அடித்தபோது கிழங்கின் செல்கள் கிழிந்து உள்ளே இருந்த மாவுச்சத்து வெளியே வந்து கலவையைப் பிசுபிசுப்பாக்கியது. அந்த மாவுச்சத்து ஏற்கெனவே வெந்தது. அதனால் கல்லில் போட்டபின் அது புதிதாக இறுக வழியில்லை. கார்ன்ஃப்ளார் பச்சையாகத்தான் போனது என்றாலும், அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் அதனால் குழம்பைக் கெட்டியாக்க முடியுமே தவிர, கட்லெட்டைத் தாங்க முடியாது. உள்ளே கூழாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

மேல்பக்கம் நன்றாகச் சிவக்காததற்கும் தண்ணீர்தான் காரணம். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த வாசமும் வர ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈரமான கட்லெட் கல்லின் மேல் வறுபடாமல் தன் நீராவியிலேயே புழுங்குகிறது. மொறுமொறுப்பான ஓடு உருவாகாததால் திருப்பும் கரண்டி பட்டதும் உடைகிறது.

கட்டும் வேலை கல்லின் மேல் நடக்க வேண்டும் என்றால், கலவையில் ஒரு பங்காவது பச்சையாக இருக்க வேண்டும். இதற்கான வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. மசால் வடைக்கு நாம் பருப்பை வேகவைப்பதில்லை. கடலைப்பருப்பை ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, கொரகொரப்பாக அரைத்துத் தட்டி எண்ணெயில் போடுகிறோம். பச்சைப் பருப்பின் மாவுச்சத்தும் புரதமும் சூட்டில் இறுகி வடையைப் பிடித்துக்கொள்கின்றன. எகிப்தில் காய்ந்த மொச்சை வகையை ஊறவைத்து அரைத்துத் தமியா செய்வதும், லெபனான், சிரியா பக்கங்களில் வெள்ளைக் கொண்டைக்கடலையை ஊறவைத்து அரைத்து ஃபலாஃபெல் செய்வதும் இதே முறையில்தான். கொண்டைக்கடலையை வேகவைத்து ஃபலாஃபெல் செய்ய முயன்றால் எண்ணெயில் கரைந்து போகும்.

ஆனால் முழுக்கப் பச்சைப் பருப்பையே போட்டால் பன்னுக்கு நடுவில் மசால் வடை வைத்தது போலாகிவிடும். பன்னோடு சேரும்போது வறட்சியாகத் தொண்டையை அடைக்கும். அதனால் உள்ளே மென்மைக்கு வெந்த கொண்டைக்கடலை, பிடிப்புக்கு ஊறிய பச்சைப் பருப்பு, மிச்ச ஈரத்தை உறிஞ்ச அவல் பொடி என்று மூன்றையும் சேர்க்கச் சொல்கிறேன். என் சமையல் வகுப்புகளில் நான் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான்.

தேவையானவை (8 கட்லெட்டுக்கு):

கறுப்புக் கொண்டைக்கடலை – 150 கிராம்
கடலைப்பருப்பு – 50 கிராம்
கெட்டி அவல் – 40 கிராம்
துருவிய கேரட், பீட்ரூட் – இரண்டும் சேர்த்து 150 கிராம்
பொடியாக நறுக்கிய காளான் – 100 கிராம்
வறுத்த வேர்க்கடலை – ஒரு கைப்பிடி
இஞ்சி – ஒரு துண்டு
பச்சை மிளகாய் – 2
பெருங்காயம், மிளகுத்தூள், சீரகத்தூள் – தலா அரை டீஸ்பூன்
மிளகாய்த்தூள் – ஒரு டீஸ்பூன்
கொத்தமல்லித்தழை, உப்பு, எலுமிச்சைச் சாறு – தேவைக்கு
மேலே புரட்ட ரவை, சுட எண்ணெய்

கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். மறுநாள் உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்து, விரலால் நசுக்கினால் நசுங்கும் பதத்தில் இறக்குங்கள். தோல் வெடித்துக் குழையும்வரை விட வேண்டாம். தண்ணீரை வடித்து ரசத்துக்கு வைத்துக்கொண்டு, கடலையை ஒரு பருத்தித் துணியில் பரப்பிக் காற்றாட 20 நிமிடம் விடுங்கள். இந்த ஒரு படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடலை மேலே ஒட்டியிருக்கும் ஈரம் போனாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நவராத்திரியும் பெரும்பாலும் புரட்டாசியில்தான் வருகிறது. சுண்டலுக்கு வேகவைக்கும்போது, தேங்காய் சேர்த்துத் தாளிப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டால் மறுநாள் கட்லெட்டுக்கு ஆகும்.

கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிதட்டில் போட்டு ஒட்ட வடியுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அவலைக் கழுவாமல், வெறும் வாணலியில் லேசாக வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடியுங்கள்.

அடுத்து காய்கள். துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் ஒரு சிட்டிகை உப்போடு பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிடுங்கள். காளானில் ஏறக்குறைய முழுவதுமே தண்ணீர்தான். அதை அகலமான வாணலியில் பெரிய தீயில் போட்டு, விட்ட தண்ணீர் முழுக்கச் சுண்டி ஓரங்கள் சிவக்கும்வரை வதக்க வேண்டும். பிறகு இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், தூள்கள் எல்லாம் சேர்த்து, பிழிந்த காய்களையும் போட்டு ஈரப்பசை அடங்கும்வரை கிளறி இறக்குங்கள். மசாலாக்களின் வாசம் பெரும்பாலும் எண்ணெயில்தான் கரையும். அதனால் தூள்களைப் பச்சையாகக் கலவையில் தூவுவதைவிட எண்ணெயில் வதக்கிச் சேர்க்கும்போது சுவை கலவை முழுக்கச் சீராகப் பரவும்.

வெந்த கடலையில் மூன்றில் இரண்டு பங்கை மத்தால் நன்றாக மசியுங்கள். மீதியை ஒன்றிரண்டாக மட்டும் நசுக்குங்கள். பர்கரில் பல்லுக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும். எல்லாம் விழுதாகிவிட்டால் எவ்வளவு சுவையாக இருந்தாலும் குழந்தைச் சோறு போலத்தான் இருக்கும். இப்போது மசித்த கடலை, அரைத்த பருப்பு, வதக்கிய காய், வேர்க்கடலை, கொத்தமல்லித்தழை, உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாம் ஆறிய பிறகு ஒன்றாகக் கலந்து, அவல் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிப் பிசையுங்கள். உள்ளங்கையில் எடுத்து அழுத்திப் பிடித்தால் உருண்டை விரியாமல் நிற்க வேண்டும், கையில் ஒட்டவும் கூடாது. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் அவல் பொடி சேர்க்கலாம். ஓரம் வெடித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளிக்கலாம்.

பிசைந்த கலவையை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். அவல் பொடி ஈரத்தை உறிஞ்சி ஊற அந்த நேரம் வேண்டும். குளிர்ந்த கலவை தட்டவும் எளிது. பிறகு எட்டு உருண்டைகளாகப் பிரித்து, பன்னின் அகலத்துக்குச் சரியாகத் தட்டுங்கள். கறிக் கட்லெட் சூட்டில் சுருங்கும் என்பதால் அதைப் பன்னைவிடப் பெரிதாகத் தட்டுவார்கள். கடலைக் கட்லெட் சுருங்குவதில்லை. கனம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் நடுவில் பச்சைப் பருப்பு வேகாது. ஓரங்களை விரலால் அழுத்தி விரிசல் இல்லாமல் ஒழுங்கு செய்து, இரண்டு பக்கமும் ரவையில் புரட்டுங்கள்.

கனமான இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் தாராளமாக எண்ணெய் விட்டு, தீயை மிதமாக்கிக் கட்லெட்டைப் போடுங்கள். போட்டபின் ஐந்தாறு நிமிடம் தொடவே கூடாது. அடிப்பக்கம் ஓடு கட்டியதும் அதுவே கல்லை விட்டுக் கழன்று வரும். கழலவில்லை என்றால் இன்னும் வேகவில்லை என்று பொருள். ஒரே ஒரு முறை திருப்பி, மறுபக்கமும் அதே நேரம் விடுங்கள். மூடி போட வேண்டாம். ஆவி அடைந்து ஓடு நமத்துவிடும். எட்டையும் தட்டுவதற்கு முன் சின்னதாக ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிடுங்கள். உப்பு, காரம், பிடிப்பு மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும், திருத்தவும் நேரம் இருக்கும்.

பிள்ளைகளுக்குக் கறி இல்லாத குறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கறியில் நாக்கு தேடுவது வறுபட்ட வாசம், கொழுப்பின் வழவழப்பு, மென்று தின்னும் பிடிமானம், அடிநாக்கில் நிற்கும் ஒரு ஆழ்ந்த சுவை. இந்தக் கடைசிச் சுவையைத் தருவது பெரும்பாலும் குளுட்டமேட் என்ற பொருள். அது காளானிலும் பழுத்த தக்காளியிலும் சோயா சாஸிலும் நிறைய இருக்கிறது. அதனால்தான் காளானை விடாமல் சேர்க்கச் சொன்னேன். உங்கள் வீட்டு விரத முறையில் காளானுக்கும் இடமில்லை என்றால், இரண்டு தக்காளியை வதக்கித் தொக்குப் பதத்துக்குச் சுண்டவைத்துச் சேருங்கள். வேர்க்கடலை கொழுப்பைத் தருகிறது, நசுக்காத கடலை மெல்லக் கிடைக்கிறது, கல்லில் சிவந்த ஓடு வாசத்தைத் தருகிறது. வெங்காயம், பூண்டு இல்லாத குறையைப் பெருங்காயம் பெருமளவு தீர்த்துவிடும். விரதம் இல்லாத நாட்களில் ஒரு பெரிய வெங்காயத்தைப் பழுப்பாக வதக்கிச் சேருங்கள். சுவை இன்னும் ஒரு படி ஏறும்.

கடைகளில் இப்போது கறியைப் போலவே இருக்கும் தாவர பர்கர்கள் வருகின்றன. அவற்றில் பலவற்றைப் பிடித்து நிறுத்துவது மெத்தில் செல்லுலோஸ் என்ற பொருள். அது சூடானால் இறுகும், ஆறினால் இளகும். வீட்டுக்கு அது தேவையே இல்லை. 1982ஆம் ஆண்டில் லண்டனில் கிரெகரி சாம்ஸ் என்பவர் வெஜ்பர்கர் என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும் உலர்ந்த மாவுக் கலவைதான். வாங்கியவர்கள் வீட்டில் அளவாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டிச் சுட்டுக்கொண்டார்கள். உலர்ந்த பொருளுக்குத் தேவையான அளவு மட்டும் தண்ணீர் சேர்ப்பது எளிது. காயில் ஏறிவிட்ட தண்ணீரை வெளியே எடுப்பதுதான் கடினம். எனவே எந்தக் காயைச் சேர்த்தாலும், முதலில் அதன் தண்ணீரை எடுத்துவிட வேண்டும்.

சத்துக்கு வருவோம். வெறும் உருளைக்கிழங்கில் 100 கிராமுக்கு 2 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கிறது. அந்த பர்கரைச் சாப்பிட்ட பிள்ளைகள் சீக்கிரமே பசி என்று வந்து நிற்பார்கள். காய்ந்த கொண்டைக்கடலையில் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். நான் சொன்ன அளவில் ஒரு கட்லெட்டுக்கு 5 கிராமுக்கு மேல் வரும். கூடவே நார்ச்சத்தும் கிடைக்கும். பயறு வகைகளில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, கோதுமையில் லைசின் குறைவு. பன்னும் கடலையும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. கடலையில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி உதவும் என்பதால் எலுமிச்சைச் சாற்றையும் பச்சைத் தக்காளித் துண்டையும் விடாதீர்கள். ஆனாலும் ஒரு கட்லெட்டின் புரதம் ஒரு துண்டுக் கோழிக்கறிக்கு ஈடாகாது. வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு பர்கரும் ஒரு டம்ளர் மோரோ பாலோ கொடுத்தால்தான் ஒரு வேளை உணவாகும். கூடுதல் புரதம் வேண்டுமானால் காய்களில் பாதியைக் குறைத்து, அதற்குப் பதிலாகத் துருவிய பனீரோ வேகவைத்துப் பிழிந்து பொடித்த சோயா உருண்டையோ சேர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கொண்டைக்கடலைக்குப் பதில் சிவப்பு ராஜ்மா சேர்ப்பதாக இருந்தால், அதை ஊறவைத்துப் பச்சையாக அரைக்கவே கூடாது. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற பொருள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் முழுதாக வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும். பச்சையாக அரைக்கக் கடலைப்பருப்பே பொருத்தம்.

பன்னையும் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டாக நறுக்கி, வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் பொன்னிறமாக வாட்டிக்கொள்ளுங்கள். வாட்டிய பக்கமும் வெண்ணெயும் சேர்ந்து சாஸின் ஈரம் பன்னுக்குள் இறங்காமல் தடுக்கும். தக்காளியை வட்டமாக நறுக்கித் துணியில் ஒற்றி எடுங்கள். அடிப்பன்னின் மேல் கோஸ் இலையோ லெட்யூஸோ, அதற்கு மேல் கட்லெட், பிறகு வெள்ளரிக்காய், தக்காளி என்று அடுக்கினால் கடைசிக் கடிவரை பன் ஊறாது.

மயோனைஸுக்கு உங்கள் வீட்டில் வழியில்லை, தேவையும் இல்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மொனெல்லா கிருமிகள் சேரும் ஆபத்து இருப்பதால், 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசே அதற்குத் தடை விதித்தது. கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, புதினாச் சட்னி ஒரு ஸ்பூன், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். காரமான கட்லெட்டுக்கு அந்தப் புளிப்பும் குளிர்ச்சியும் மிகப் பொருத்தமாக இருக்கும். புரதமும் சற்றுக் கூடும்.

ஃப்ரீசரில் தாராளமாக வைக்கலாம். ரவையில் புரட்டிய கட்லெட்டுகளை, சுடுவதற்கு முன், தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக இறுகியதும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். ஒரு மாதம் வரை சுவை கெடாமல் இருக்கும். சுடும்போது வெளியே வைத்து இளகவிட வேண்டாம். இளகினால் ஈரம் கசிந்து மறுபடியும் உடையும். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்குப் போகட்டும். தீயை இன்னும் கொஞ்சம் குறைத்து, பக்கத்துக்கு எட்டு நிமிடம் கொடுங்கள். நடுவே பிட்டுப் பார்த்துப் பருப்பு வெந்துவிட்டதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, சகோதரி. பிள்ளைகளிடம் இதைச் சிக்கன் பர்கருக்கு மாற்று என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னால் முதல் கடியிலேயே ஒப்பிடத் தொடங்கி, இல்லாத கறியைத்தான் தேடுவார்கள். கடலை பர்கர் என்றே சொல்லிக் கொடுங்கள். கடலையும் பருப்பும் அவலும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல சாப்பாடு என்பதை அவர்கள் நாக்கே கண்டுபிடிக்கட்டும். மகனையும் மகளையும் தட்டவும் ரவையில் புரட்டவும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் கையால் தட்டியதை எந்தப் பிள்ளையும் ஒதுக்காது. வருகிற வெள்ளிக்கிழமை இரவே கடலையை ஊறப்போட்டுவிடுங்கள். சனிக்கிழமை மதியம் மாமியாரும் உங்களோடு உட்கார்ந்து இந்த பர்கரைச் சாப்பிடலாம்.